என் இருக்கையில் உப்பு

அன்புள்ள கென்சாகு மாமாவுக்கு,

மருமகள் சிஹாரு வணங்கி எழுதுவது. அம்மா நலம், பூனை நலம், நம் ஊர்க் கோலாமீன் பேஸ்பால் அணி நலமில்லை. கப்பல் பட்டறையில் உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் முதலில் கவனித்தது உப்பைத்தான். மைதானத்தில் வலப்பக்கப் பார்வையாளர் மேடையில், நீங்கள் ஊரைவிட்டுப் போகும்போது எனக்கு விட்டுக்கொடுத்த இருக்கையில், ஒரு சிட்டிகை உப்பு கிடந்தது. யாரோ அவித்த சோயாக்காய் தின்று சிந்தியிருக்கிறார்கள் என்று தட்டிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குத் தோற்றோம். அடுத்த ஆட்டத்தில் ஒரு கைப்பிடி கிடந்தது. அதையும் தட்டிவிட்டேன், அன்றைக்கும் தோற்றோம். அதற்கடுத்த ஆட்டத்தில் இருக்கைக்கு இரண்டு பக்கமும் சின்னத் தட்டுகளில் கோபுரம் மாதிரி உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். சாவு வீட்டிலிருந்து திரும்பியவர்கள் தீட்டுக் கழிய மேலே தூவிக்கொள்கிற உப்புக்கும் சோயாக்காய் உப்புக்கும் வித்தியாசம் எனக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தேன். ஆதரவுக் குழு மொத்தமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒன்றுமில்லை.

அந்த இருக்கையில் உட்கார்ந்த நாளிலிருந்து நம் அணி ஜெயித்து நான் பார்த்ததில்லை, அது உண்மைதான் மாமா. ஆனால் தோற்றது நானா? போன மாதம் கடைசிச் சுற்றில், ஒரே ஒரு பந்தைப் பிடித்தால் வெற்றி என்ற நிலைமையில், எதிரணிக்காரன் அடித்த பந்து மேலே போய் அழகாக இறங்கியது. கீழே நம் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். இளையவன் பெரியவரைப் பார்த்து நீங்கள் பிடியுங்கள் என்று ஒதுங்கினான், பெரியவர் வளரும் பிள்ளை பிடிக்கட்டும் என்று ஒதுங்கினார், பந்து நடுவில் விழுந்தது. அப்போதாவது எடுத்து எறிந்திருக்கலாம், ஆனால் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றி ஒருவரிடம் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் நிமிர்வதற்குள் எதிரணியின் ஓட்டக்காரர்கள் எல்லோரும் சுற்றி ஓடிவந்து ஓட்டத்தை முடித்துவிட்டார்கள். என் பின்னால் இருந்தவர்கள் அந்த இரண்டு பேரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா, நேராக ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஆதரவுக் குழுத் தலைவி டோமோயே அத்தை, மீன்கடையை மூடிவிட்டு வந்து, நான் இளைத்துப் போய்விட்டேன், சாயங்காலம் வெளியே அலையக் கூடாது என்று அம்மாவிடம் ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனாள். நான் வேலை பார்க்கிற நூடுல்ஸ் கடையின் குராத்தா முதலாளி, ஆட்டம் இருக்கிற சாயங்காலமெல்லாம் பார்த்துத் திடீரென்று எனக்கு வேலை போட்டார். சரி என்று போனேன். கடையில் ரேடியோ ஓடியது. தோற்றோம். நான் காதால் கேட்டதுதான் காரணமென்று ரேடியோவை நிறுத்தினார்கள். மைதானத்துச் சத்தம் சன்னல் வழியாக வந்தது, தோற்றோம். சன்னலைச் சாத்தினார்கள், நூடுல்ஸ் சாப்பிட வந்தவர்கள் புழுங்கிச் செத்தார்கள், அப்போதும் தோற்றோம். கடைசியில் குழுவே சேர்ந்து எனக்கு மலைமேல் வெந்நீர் ஊற்றுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தது. நானும் போய்க் கழுத்துவரை முங்கிக் கிடந்தேன். திரும்பி வந்து பேருந்து நிலையத்தில் இறங்கினால், எதிரே வருகிறவர்களெல்லாம் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்களும் தொலைபேசியில் அம்மாவிடம், இந்த வருஷம் அவள் வீட்டிலேயே இருக்கட்டும், என் இருக்கையின் மரியாதையைக் காப்பாற்றச் சொல் என்றீர்களாம். உங்கள் மரியாதை எனக்குத் தெரியும் மாமா. நீங்கள் படகேறின அன்றைக்கு ஆதரவுக் குழு முழுக்க மேளத்தோடு படகுத்துறைக்கு வந்ததே, டோமோயே அத்தை தன் கையால் உங்கள் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாளே, படகு நகர்ந்ததும் தண்ணீரில் வெள்ளையாகப் பூக்கூடத் தூவினாளே. நம் வீட்டில் வேறு யாருக்கும் அப்படி ஒரு வழியனுப்பு நடந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் உட்கார்ந்த இடத்தை நான் கெடுத்துவிட்டேனே என்று வெந்நீரில் கிடந்தபோது அழுதேன். யாருக்கும் தெரிந்திருக்காது, முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது எனக்கு 'இருக்கேன்' என்று வாய் வராது. ஆசிரியர் நான் வரவில்லை என்று எழுதிக்கொள்வார். எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நாளில் அவர் எழுதினதையே உண்மையாக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்தைவிட்டே நின்றுகொண்டேன். மேடையில் அப்படி இல்லை. நம் அணியின் இசோபே மட்டையோடு நடந்து வருவான், எல்லோரும் அவன் பெயரைக் கத்துவார்கள். ஒருநாள் அந்தச் சத்தத்துக்குள்ளே புதிதாக ஒரு குரல் கேட்டது, யாரடா இது இவ்வளவு கரகரவென்று எனத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அது என்னுடையது. இசோபே அன்றைக்கும் அடிக்கவில்லை, அது வேறு விஷயம். இந்த ஊரில் எனக்குக் குரல் இருக்கிற இடம் அது ஒன்றுதான் மாமா.

நேற்று டோமோயே அத்தை காய்ந்த மீன் பொட்டலத்தோடு கடைக்கு வந்தாள். சனிக்கிழமை கடைசி ஆட்டம். முதலில் என் உடம்பைப் பற்றி விசாரித்தாள். அப்புறம் மெதுவாக, "வெந்நீர்ல இருந்தப்ப ஆட்டத்தை நினைச்சியா கண்ணு?" என்று கேட்டாள்.

கொஞ்சம் நினைத்தேன் என்றேன்.

"அதான் பாரு. நினைக்காம இருந்து பாரேன்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அடுப்படியிலிருந்து முதலாளி, "ஏங்க்கா, அன்னைக்கு இசோபேயும் இவகூட வெந்நீர்லதான் கிடந்தானா? மட்டையையே தூக்கலையே" என்றார்.

அத்தை அது காதில் விழாத மாதிரி, சனிக்கிழமை எனக்கு வெளியூரில் ஏதாவது சோலி இருக்குமே என்றாள். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நூடுல்ஸை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்கள்.

"இருக்கேன்" என்றேன்.

"எங்கம்மா இருக்கே?"

"என் இருக்கையில."

என் வாழ்க்கையிலேயே மேடைக்கு வெளியே நான் அவ்வளவு சத்தமாகப் பேசினதில்லை. கையிலிருந்த கிண்ணம் ஆடிச் சாறு அத்தையின் மீன் பொட்டலத்தில் கொட்டிவிட்டது. துடைத்துக் கொடுத்தேன். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மேடையில் இருந்தாலும் தோற்கிறோம், இல்லாவிட்டாலும் தோற்கிறோம், நான் நினைத்தாலே தோற்கிறோம். எப்படியும் என்னால்தான் என்றால், நான் என் இடத்தில் உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தித் தோற்கிறேன். சனிக்கிழமை போவேன். அடுத்த வருஷமும் போவேன். உங்கள் பெயருக்கு என்னால் களங்கம் வந்தால் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள்.

இடுப்பில் பட்டை கட்டிக்கொள்ள மறக்காதீர்கள். பட்டறையில் எல்லோருக்கும் என் வணக்கம்.

உங்கள் மருமகள்,
சிஹாரு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் அம்மா வாங்கிப் படித்தாள். படகுத்துறை வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பட்டறை வேலையை உங்களுக்குத் தேடிப் பிடித்துக் கொடுத்ததே டோமோயே அத்தைதானாம். நீங்கள் அந்த இருக்கையில் இருந்தவரை நாம் கடைசி இடத்தைவிட்டு நகரவே இல்லையாம். அன்றைக்குத் தண்ணீரில் தூவினது பூ இல்லையாம், மாமா. ஆகவே மேலே களங்கம், மன்னிப்பு என்று எழுதின வரிகளை நீங்கள் படிக்க வேண்டாம். சனிக்கிழமை முதல் படகில் வந்துவிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால், யாரால் தோற்றோம் என்று அவர்களே குழம்பிப் போவார்கள்.

இதை அஞ்சல் பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன். வருகிற வழியில் மைதானத்துக்குள் போய், பக்கத்து இருக்கையில் உங்கள் பழைய துண்டைக் கட்டிவிட்டு, இரண்டு இருக்கைகளிலும் இருந்த உப்பைத் தட்டிவிட்டேன்.