கீழுதட்டைத் தவிர அனைவரும் நலம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் கீழுதட்டைத் தவிர அனைவரும் நலம். உன் நலம், உன் வீட்டுக்காரர் நலம், பிறந்து இருபத்தைந்து நாளான என் மருமகளின் நலம் எல்லாம் அறிய ஆவல். நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளையை, "முதல்ல நீதாண்ணே தூக்கணும்" என்று நீ நீட்டியபோது, நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலிருந்தே ஓடிவந்தது உன்னைப் புண்படுத்திவிட்டது. ஆனால் புண் முதலில் எனக்குத்தான் வந்தது, அந்தக் கதையைக் கேள்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, பள்ளி விளையாட்டு விழா ஒத்திகையில் உதட்டோரம் சுருசுருவென்றது. அப்போதே மருந்து போட்டிருந்தால் முளையிலேயே கிள்ளியிருக்கலாமாம். நானோ விளையாட்டு வாத்தியார், விசில் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கடுகு கடுகாக நாலு கொப்புளம். கணக்கு வாத்தியார், "உடம்புச் சூடு சார், எலுமிச்சம்பழத்துல உப்பைத் தொட்டுத் தேய்ங்க" என்றார். தேய்த்தேன். நான் போட்ட சத்தத்தில் ஆறாம் வகுப்பு முழுக்கத் தானாக வரிசையில் நின்றது. எரிச்சல் அடங்கப் பற்பசை பூசினேன், அது காய்ந்து வெடித்தது. ஓவிய டீச்சர் சொன்னாரே என்று ஊசியால் குத்தினேன், நாலு ஏழானது. பிறகு முதலுதவிப் பெட்டியில் முழங்கால் சிராய்ப்புக்கு வைத்திருந்த களிம்பை அப்பி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, அதைப் பிய்த்தபோது பொருக்கும் கூடவே வந்தது. ஊரே வைத்தியம் பார்த்தது, உதடு மட்டும் என்னுடையது. இதற்கிடையே என் விசிலை வாங்கி ஊதிய உதவித் தலைமையாசிரியருக்கும் அதே இடத்தில் சுருசுரு. மனுஷர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மருமகள் பிறந்தாள் என்று போன் வந்ததும்தான் டாக்டரிடம் ஓடினேன். "சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல, இது வைரஸ். தொட்டா ஒட்டிக்கும். பச்சைக் குழந்தைக்கு வந்தா உயிருக்கே ஆபத்து. முத்தம் கித்தம் கொடுத்துராதீங்க" என்றார். கேட்ட பிறகும் மனசு அடங்கவில்லை, தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் வந்தேன். நீ நீட்டினாய். பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன், பக்கத்து சீட்டுக்காரர் பல்வலி என்று நினைத்து இடம் விட்டார்.

இப்போது திருந்திவிட்டேன். தனித் துண்டு, தனி டம்ளர், களிம்பு தொட்ட கையை உடனே கழுவுகிறேன், பிய்ப்பதே இல்லை. கிட்டத்தட்ட ஆறிவிட்டது. ஓரத்தில் மட்டும் லேசான சிவப்பு. இன்னும் இரண்டு வாரம் பொறு. இரண்டு என்றால் மூன்றாகவும் ஆகலாம். அதுவரை யார் உதட்டில் புண்ணோடு வந்தாலும் வாசலிலேயே நிறுத்து, மாமனாராக இருந்தாலும் சரி.

குட்டி நூறு வயசு இருந்து, எல்லாப் பந்தயத்திலும் முதலாக வரட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
கோபித்துக்கொள்ளாதே என்று கெஞ்சும் அண்ணன்

பி.கு.: அண்ணி எழுதுகிறேன். தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். புண் சுத்தமாக ஆறிப் பத்து நாளாகிறது. டாக்டரே பார்த்துவிட்டு, "தாராளமா தூக்குங்க" என்று சொல்லிவிட்டார். சிவப்பு எதுவும் இல்லை. விஷயம் வேறு. "இரும்புக் குண்டு எறிஞ்ச கை. அவ்வளவு சின்னதைப் பிடிக்கத் தெரியாது. நழுவிட்டா என்ன பண்றது?" என்று நடுங்குகிறார். தினமும் காலையில் கைப்பந்தைத் துண்டில் சுற்றி, கழுத்துக்குக் கை கொடுத்து, கூடத்தில் நடை பழகுகிறார். நேற்று அந்தப் பந்துக்கு ஏப்பம் வர முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிக்கொண்டு வருகிறேன். நாங்கள் உள்ளே வந்ததும் கதவைத் தாழ் போட்டுவிட்டு, பிள்ளையை அவர் கையில் வைத்துவிடு.