பூண்டுக்குழம்பு வெட்டிய நூற்றைம்பது தட்டுகள்

உடம்புக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, மூட்டுவலிகூட இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. இருப்பது பொறாமை ஒன்றுதான். அதுவும் பக்கத்து வீட்டுக்காரியின் நகை, தோழியின் சம்பளம் என்று கண்டதற்கெல்லாம் வராது. வாழ்நாள் முழுக்க ஒரே ஆள்மேல்தான், என் அண்ணன் மனைவி கலா அண்ணி. (ஒருத்தரிடமே இத்தனை வருஷம் விசுவாசமாக இருக்கிறேனே, அதற்காகவாவது யாராவது பாராட்டலாம்.)

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு விவசாயம். உரக்கடைக்காரர் வருஷா வருஷம் அப்பாவுக்கு ஒரு டைரி கொடுப்பார். அப்பா அதில் ஒரு வரி எழுதியது கிடையாது. அப்படிப் பரணில் சேர்ந்த டைரிகளில் ஒன்றை எடுத்து, அம்மா தன் சமையல் குறிப்புகளை எழுதி வைத்திருந்தாள். கல்யாணம் ஆகும்வரை நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. சமையலறைக்குள் நான் போனதே தண்ணீர் குடிக்கத்தான்.

எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது, அந்த டைரி அண்ணியின் பீரோவில் பட்டுப்புடவைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏம்மா, அதை எதுக்கு அவங்ககிட்ட குடுத்தே?"

"சமைக்கிறவகிட்டதானே குடுக்க முடியும்? நீதான் மூணு வேளையும் ஓட்டல்ல வாங்கித் திங்கிறியே."

அதில் ஓரளவு உண்மை இருந்ததால் இன்னும் எரிந்தது. அதன்பிறகு நான் சமைக்க ஆரம்பித்து, சென்னையிலிருந்து போன் போட்டு, "அம்மா, மோர்க்குழம்புக்கு என்னென்ன அரைக்கணும்?" என்று கேட்டால், அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "இரு, கலாகிட்ட குடுக்குறேன்." பெற்ற மகளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு மருமகள் மோர்க்குழம்போடு நிற்பதை எந்த மகளால் தாங்க முடியும்?

இப்படியே ஏழெட்டு வருஷம் போயிற்று. அப்பாவுக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவானதும், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு என் பொறுப்பு என்று முந்திக்கொண்டேன். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. எவர்சில்வர் தட்டு வாங்கினால் நம் ஊரில் பேர் வெட்டாமல் விடமாட்டார்கள். பேருக்குப் பதிலாக அம்மாவின் சமையல் குறிப்பு ஒன்றை, அம்மாவின் கையெழுத்திலேயே வெட்டிக் கொடுத்தால் என்ன? அந்த டைரி யார் பீரோவில் வேண்டுமானாலும் இருக்கட்டும். எழுத்தைக் காப்பாற்றி ஊருக்கே கொடுத்தவள் மகள்தான் என்று ஆகிவிடும். இதுதான் என் திட்டத்தின் உள்கருத்து. வெளியே சொன்னது, "அம்மாவுக்கு ஒரு சின்ன சர்ப்ரைஸ்."

ஊருக்குப் போய் டைரியைக் கேட்டேன். அண்ணி மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். (கொடுக்க மறுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.)

"சுமதி, இந்த டைரி விஷயமா ஒண்ணு சொல்லணும். அந்தப் புயலப்போ..."

"பத்திரமாத் திருப்பித் தந்துருவேன் அண்ணி. எங்கம்மா டைரிதானே, எனக்குத் தெரியாதா?"



சென்னைக்கு வந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். அழகான உருண்டை எழுத்து. அட்டையில் போட்டிருந்த வருஷம் நான் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மீன்குழம்புப் பக்கம்தான் முதலில் பிடித்தது. கோயில் விசேஷத்துக்கு மீன்குழம்பா என்று எனக்கே உறைத்ததால் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்தது பூண்டுக்குழம்பு. "பூண்டு ரெண்டு கை. சின்ன வெங்காயம் ஒரு கை. நல்லெண்ணெய் தாராளமாக. புளி எலுமிச்சம்பழ அளவு" என்று போய், கடைசி வரியில் இப்படி இருந்தது: "சுமதி வந்தால் புளி பாதி போதும்."

அழுதுவிட்டேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரிடம் ஓடிக் காட்டினேன்.

"பாத்தீங்களா? அம்மா மனசுல நான் எங்க இருக்கேன்னு பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு முறை படித்தார். "உங்கம்மாவா? யாருக்காகவும் அவங்க உப்பைக்கூட குறைச்சு நான் பார்த்ததில்லையே."

மாப்பிள்ளைகளுக்கு மாமியார் மனசு எங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் புதிதாக கம்ப்யூட்டர் மெஷின் வைத்திருந்தார்கள். தாளில் இருப்பதை அப்படியே தட்டில் இறக்கிவிடும். கடைக்காரர், "எழுத்து அச்சு அசலா வரும்மா. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. நீங்களே நினைச்சாலும் அழிக்க முடியாது" என்றார். அந்த வாக்கியத்தை அவர் அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். நூற்றைம்பது தட்டு வெட்டச் சொன்னேன்.

விசேஷத்தன்று திருக்கடையூரில் கோயில் சடங்கெல்லாம் முடிந்து, மண்டபத்தில் எல்லாரும் சாப்பிடக் கூடினார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்து முதல் தட்டை எடுத்தேன். பக்கத்தில் நின்ற அண்ணி அதைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஆகா, எரிகிறது என்று எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை வருஷம் நான் ஒருத்தியே எரிந்துகொண்டிருந்தேனே!

"சுமதி, ஒரு நிமிஷம் இப்படி ஓரமா வாயேன்."

"அப்புறம் வரேன் அண்ணி. மைக் ஃப்ரீயா இருக்கு."

மைக்கைப் பிடித்தேன். என்ன பேசினேன் என்பது எனக்கு மறந்துபோனாலும் பரவாயில்லை, எங்கள் சித்தப்பா போனில் பிடித்து வைத்திருக்கிறார். "இந்தத் தட்டுல இருக்கிறது எங்கம்மாவோட கையெழுத்து. இதோட அருமை பெத்த பொண்ணுக்குத்தான் தெரியும். வெளியிலேர்ந்து வந்தவங்களுக்கு இது வெறும் சமையல் குறிப்பு. எனக்கு இந்த ஒவ்வொரு எழுத்தும் எங்கம்மாவோட முகம். கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாக்கூட கண்டுபிடிச்சிருவேன்." இந்த இடத்தில் கண்ணை மூடி, தட்டைத் தடவி, விம்மி அழுகிறேன். (வீடியோவில் இதை சித்தப்பா கொஞ்சம் பெரிதாக்கியும் காட்டுவார்.)

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அம்மாவிடம் முதல் தட்டைக் கொடுத்தேன். அம்மா அதைக் கைநீட்டித் தள்ளிப்பிடித்துப் பார்த்தாள். அப்பாவின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மைக் என் கையில், அம்மாவின் வாய்க்கு நேராக இருந்தது.

"இது கலா எழுத்துல்ல?"

மண்டபத்தின் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"இல்லம்மா, உன் டைரி. நீ எழுதினது."

"என் டைரி புயல் மழையில ஊறி நாசமாப் போச்சேடி. மைப்பேனா எழுத்து, எல்லாம் கரைஞ்சு போச்சு. கலாதான் ஒவ்வொரு தாளா ஃபேன்ல காயவச்சு, என்னை உக்காத்தி வச்சுக் கேட்டுக் கேட்டு, வேற பழைய டைரியில பூராத்தையும் எழுதினா. உனக்குத் தெரியாது?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் புயலின்போது நானும் போன் பண்ணினேன். ஊரில் விட்டுவைத்திருந்த என் பட்டுப்புடவை நனையவில்லையே என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மாவின் கையெழுத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததே இல்லை என்பது அந்த மேடையில்தான் எனக்கு உறைத்தது. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்துப் போடுவார். கடிதம் எழுதும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. முகம் தெரிகிறது, கண்ணை மூடினால் தெரிகிறது என்று இவ்வளவு நேரம் நான் தடவிக்கொண்டிருந்தது அண்ணியின் முகத்தை.

அண்ணி ஓடிவந்து, "அத்தை, விடுங்க. நீங்க சொல்லித்தானே எழுதினேன், உங்க எழுத்து மாதிரிதான்" என்றார். அத்தோடு விட்டிருந்தால் ஏதோ கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். நான் விடவில்லை. தட்டின் கடைசி வரியைக் காட்டி, "எழுத்து யாருதா வேணா இருக்கட்டும்மா. இந்த வரி உன்னுதுதானே?" என்றேன்.

அம்மா சத்தமாகப் படித்தாள். "சுமதி வந்தால் புளி பாதி போதும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் எதுக்குடி உனக்காகப் புளியைக் குறைக்கப் போறேன்? போட்டதைத் தின்னுட்டுப் போன்னுதானே உன்னை வளர்த்தேன்!"

மண்டபம் சிரித்தது. ஐயர் சிரித்தார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய், காய்கறி நறுக்கும் இடத்தில் வெண்டைக்காய்க் காம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி ஒரு டம்ளர் பாயசத்தோடு வந்தார்.

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன் சுமதி."

"அந்தப் புளி வரி நீங்களா எழுதினது?"

"ஆமா. கல்யாணமாகி வந்த புதுசுல என் பூண்டுக்குழம்பை வாயில வச்சுட்டு, 'ஐயோ புளிப்பு'ன்னு தட்டைத் தள்ளிவிட்டே. அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்லை. மறக்கக் கூடாதுன்னுதான் எழுதி வச்சேன்."

அன்று நான் வெட்கத்தில் அழுதேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்கமும் உண்டுதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: அப்போதும் பொறாமைதான். என் நாக்குக்கு எது ஆகாது என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்தி குறித்து வைத்திருக்கிறாள், அவளாக நான் இல்லையே என்று இருந்தது. என் அண்ணிக்காக ஒரு கரண்டி உப்பைக்கூட நான் கூட்டிக் குறைத்ததில்லை.

தட்டுகள் நூற்றைம்பதும் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் வாக்கு பொய்க்கவில்லை, ஒரு எழுத்தும் அழியவில்லை. பாபநாசத்திலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் எனக்கென்று அந்தத் தட்டைத்தான் தேடி எடுத்து வைப்பார்கள். "சாப்பிடும்மா, புளி பாதிதான்" என்பார்கள்.

போன வருஷம் அம்மாவிடம் கேட்டேன். "எனக்குன்னு உன் கையால ஒரே ஒரு குறிப்பு எழுதிக் குடும்மா. அசல் எழுத்து யாருகிட்டயும் இல்லை, என்கிட்ட மட்டும் இருக்கட்டும்." அம்மா முனகிக்கொண்டே ஒரு தாளில் எள்ளுருண்டை எழுதிக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. அத்தனையும் கோணல். என் கணவர் முயன்று பார்த்து 'எள்' வரை வந்தார். சென்னை வந்து ஒரு வாரம் ரோஷத்தோடு இருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் அதைப் போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். அண்ணி போனில் கடகடவென்று படித்தார். எள், வெல்லம், ஏலக்காய் எல்லாம் வந்தது. கடைசியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"கீழ ஒரு வரி இருக்கு சுமதி. படிக்கட்டுமா?"

"படிங்க."

"'புரியலைன்னா கலாகிட்ட கேளு.'"

இப்போது எங்கள் வீட்டில் டிவி ரிமோட் காணவில்லை என்றாலும், மோட்டார் ஓடவில்லை என்றாலும், அப்பா முதற்கொண்டு எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தாள் என் பீரோவில், பட்டுப்புடவைக்கு மேலே இருக்கிறது. எள்ளுருண்டை பிடிக்கும்போதெல்லாம் எடுத்து முன்னால் வைத்துக்கொள்வேன், அப்புறம் அண்ணிக்குப் போன் போடுவேன்.