ஒன்பது தடவை வீட்டை விட்டுப் போன பெண்

அஸ்தினாபுரம்,
17-3-94

ஸ்ரீரங்கம் அத்திம்பேர் ஸ்ரீநிவாசராகவன் அவர்களுக்கு, பட்டாபிராமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனிமேல் நிஜத்தை எழுதுகிறேன்.

உங்கள் மருமாள், என் பெண் நாகலக்ஷ்மி காலேஜில் சினிமா எடுக்கிற படிப்பு படிக்கிறாள் அல்லவா, இப்போது நாலு நாலு பேராகக் கோஷ்டி பிரித்து, கோஷ்டிக்கு ஒரு காட்சி எடுத்து வெட்டி ஒட்டிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம். காட்சி மூன்று நிமிஷம். அதற்கு மூன்று வாரமாக நம் வீட்டிலேயே பழிகிடக்கிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினவன் நான், மூன்று நிமிஷ டிரங்க் காலில் கல்யாணத்தையே நிச்சயம் பண்ணினவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராக்காரன் பல்லாவரத்துப் பையன், பெயர் ஜெபராஜ். முதல் நாளே என்னிடம், "அங்கிள், நீங்க பாட்டுக்கு உங்க வேலைய பாத்துகினு இருங்க, நாங்க இங்க இல்லன்னே நெனச்சுக்கோங்க" என்றான். என் கூடத்தில் நின்றுகொண்டே தான் இல்லை என்று நினைக்கச் சொல்கிறவனை எப்படி நம்புவது? நாகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்குகிறாள், இவன் "ஒன் மோர்" என்கிறான், திரும்பி வந்து மறுபடி இறங்குகிறாள். ஒரே காலையில் ஒன்பது தடவை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எண்ணினேன். எதிர்வீட்டு வேதசிரோமணி டீச்சர், "என்ன சார், பொண்ணு ஊருக்கா?" என்று கேட்டுவிட்டார். ஓடிப்போக ஒத்திகை பார்க்கிறாள் என்றா சொல்வது? ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. விடுவேனா? அடுத்த பஸ்ஸில் போய் பிளாட்பாரத்து எடை மெஷினுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். நாகு பெட்டியோடு வண்டியில் ஏறியே விட்டாள், வண்டியும் நகர்ந்தது, எனக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பினாளாம், அது பிறகுதான் தெரிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நடிக்கிறவள் வண்டியில் இருக்க, ஜெபராஜ் கேமராவை எடை மெஷின் பக்கமே திருப்பி வைத்திருக்கிறான். வீட்டிலும் இதே கதைதான், அவள் வாசலில், கேமரா ஜன்னல் பக்கம். எல்லாம் கண்துடைப்பு.

ஆகையால் நீங்கள் சொன்ன கும்பகோணத்துப் பையன் பத்ரிநாராயணனுக்குச் சம்மதம். பொருத்தம் பத்துக்கு நாலுதான் என்றாலும் பாதகமில்லை, சித்திரையிலேயே முகூர்த்தம் பாருங்கள். பரீட்சையை மாப்பிள்ளை வீட்டில் இருந்து எழுதிக்கொள்ளட்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் முழங்கால் வலியைப் பெருமாள் தீர்த்துவைக்கட்டும், முடியாவிட்டால் பெண் பார்க்க வருகிற அன்றைக்காவது தீர்த்துவைக்கட்டும்.

தங்கள்,
பட்டாபிராமன்

பின்குறிப்பு (19-3-94): மேலே கண்டதைத் தபாலில் சேர்ப்பதற்குள் நேற்று காலேஜில் படத்தைப் போட்டார்கள். வேவு பார்க்கலாமென்று ஆத்துக்காரி லோகநாயகியையும் கூட்டிக்கொண்டு போனேன். படத்தில் வேலைக்காக ஒரு பெண் வெளியூர் போகிறாள், 'போய்விட்டு வா' என்று சொல்ல வாய் வராத அப்பன் ஒளிந்து ஒளிந்து பார்க்கிறான். அந்த அப்பன் நான்! ஜன்னலில் என் முகம், வாசலில் அவள். எடை மெஷினுக்குப் பின்னால் என் முகம், நகர்கிற வண்டி. வெட்டி ஒட்டினது நாகுவேதானாம். நான் முறைத்ததையெல்லாம் ஏக்கமாக்கிவிட்டாள். ஹால் முழுக்க மூக்குறிஞ்சுகிற சத்தம். "இத்தனை ஆசைய எங்க வெச்சிண்டிருந்தேள்?" என்று லோகநாயகி கேட்கிறாள். முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று நாகுவைக் கேட்டால், "சொன்னா நீ நடிச்சுடுவேப்பா" என்கிறாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன் அத்திம்பேர், அந்த வண்டி நகர்ந்தபோது நான் சந்தேகப்படவில்லை, அழுதேன். அதுவும் படத்தில் இருக்கிறது.

ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவும். விளக்குப் போட்டதும் எல்லார் முன்னிலையிலும் நாகு, "அப்பா, பம்பாய்ல எடிட்டிங் வேலை கிடைச்சிருக்கு, ஜூன்ல போகட்டுமா?" என்று கேட்டாள். திரையில் அப்படி வழியனுப்பினவன் நேரில் எந்த முகத்தோடு மறுப்பது? சரி என்றேன். கைதட்டினார்கள். இப்போது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. அவள் இந்தப் படத்தை மார்க்குக்காகத்தான் எடுத்தாளா?