கேமரா முன் ஐம்பது தடவை

இனிமேல் என் மனைவியிடம் பொய்யே சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். எனக்குப் பதிலாகச் சொல்ல ஒரு கம்ப்யூட்டரை ஏற்பாடு செய்துவிட்டேன்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. என் சர்க்கரை எகிறியிருப்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றே தீர்ப்பு: தினமும் ஐம்பது தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். செய்தால் சாயங்காலக் காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை. இல்லையென்றால் வெறும் கசப்பு. காபிக்குச் சர்க்கரை இல்லாமல் என்னால் உயிர் வாழ முடியாது.

"செஞ்சேன்னு சொன்னா நம்ப மாட்டியா?"

"நீங்க சொன்னதை நம்பித்தான் கல்யாணமே பண்ணிக்கிட்டேன். ஒரு தடவை போதும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். "கேமரா பார்த்து எண்ணும். நீ லேப்ல இருந்தே பார்த்துக்கோ!" என்று சவால் விட்டேன். கிளவுட் நோட்புக்கில் எழுதினேன். இணையத்தில் இருக்கிற பக்கம் அது. லிங்க்கை அனுப்பினால் அவளும் போனில் திறந்து பார்க்கலாம்.

மூன்று நாள் ஆயிற்று, பாழாய்ப்போன கேமரா திறக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். நாலாம் நாள்தான் உறைத்தது. புரோகிராம் ஓடுவது என் மேஜையில் இல்லை, எங்கேயோ இருக்கிற வாடகைக் கம்ப்யூட்டரில். அது தன் கேமராவைத் தேடுகிறது. அதற்கு ஏது கேமரா? அவளிடம் சொன்னேன்.

"உங்க மூஞ்சிக்கு நேராவே ஒரு கேமரா இருக்கே?"

"அது இங்கே இருக்கு. புரோகிராம் அங்கே ஓடுதும்மா."

"அப்போ நீங்களும் அங்கே போய் உட்கார்ந்து எழுந்திருங்க."

"அது ஏதோ ஒரு கூடத்துல, இரும்பு அலமாரிக்குள்ளே இருக்கு!"

"ஏசி இருக்குமில்ல? போயிட்டு வாங்க."

இவளோடு யார் மல்லுக்கட்டுவது? புரோகிராமையாவது சோதித்துப் பார்ப்போம் என்று ஒரே ஒரு நாள் ஐம்பது தடவை உட்கார்ந்து எழுந்து வீடியோ எடுத்தேன். யப்பா, முட்டி கழன்றுவிட்டது! அந்த வீடியோவை நோட்புக்கில் ஏற்றி, கேமராவுக்குப் பதிலாக ஓடவிட்டேன். புரோகிராம் அதைக் கேமரா என்றே நம்பி, ஒன்று விடாமல் எண்ணி, 'ஐம்பது' என்றது. அப்போதுதான் என் மூளை விழித்துக்கொண்டது. புரோகிராமே நம்புகிறது, இவள் நம்ப மாட்டாளா?

"கேமரா ரெடி!" என்று அறிவித்து லிங்க்கை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ராஜ வாழ்க்கைதான். தினமும் பதினொரு மணிக்கு நான் சோபாவில் படுத்திருப்பேன், வீடியோவில் இருக்கிறவன் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து எழுந்திருப்பான். சாயங்காலம் காபி. ஆஹா, என்ன இனிப்பு! இரண்டாவது வாரம் அவளே, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள். போடச் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் என் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள்.

"சர்க்கரை நல்லா இறங்கியிருக்குங்க."

"பார்த்தியா! எல்லாம் உடற்பயிற்சியோட மகிமை!"

"எது, அந்த வீடியோவோட மகிமையா?"

"எ... எந்த வீடியோ?"

போனை நீட்டினாள். அதில் நான் எழுதிய புரோகிராம், வரி வரியாக. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது என்ன செய்கிறது என்று குறிப்பு எழுதிவைப்போம். கையே தானாக எழுதிவிடும். எழுதியிருந்தேன்: 'இது கேமரா இல்லை, பழைய வீடியோ. அவளுக்குத் தெரியாது.'

"எப்போ பார்த்தே?"

"முதல் நாளே."

"அப்புறம் ஏன் தினமும் சர்க்கரை போட்டே? அளவு எப்படி இறங்குச்சு?"

"சர்க்கரை யாரு போட்டா? சர்க்கரை மாதிரி இனிக்கிற மாத்திரை இருக்கில்ல, அதைத்தான் கரைச்சேன்."

"பதினஞ்சு நாளாவா? அடிப்பாவி!"

"உங்க புரோகிராம் மாதிரிதான் நீங்களும். நிஜத்துக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியலை."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ம், ஆரம்பிங்க. ஒண்ணு..."