விரிசலுக்கு ஒரு விசாரணை

உங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் கீழே விழுந்து உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் துடைப்பம் எடுக்க ஓடுவார். அவர் நமக்கு வேண்டாம், ஓடட்டும். சில்லுகளுக்கு நடுவே அசையாமல் நின்று, "இதை ஓரத்துல வெச்சது யாரு?" என்று கேட்கிறாரே, அந்தப் பிறவியைத்தான் பார்க்கப்போகிறோம். விசாரணைப் பிரியர்.

குழாய் ஒழுகினால் கடைசியாகக் குளித்தவரைத் தேடுவார், கதவு கிறீச்சிட்டால் அதை ஓங்கிச் சாத்தியவரைத் தேடுவார், பால் திரிந்தால் முந்தின நாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைப்பார். குழாய்? அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

இந்த இனத்தில் தலைசிறந்தவர் என் அத்தான்தான். அக்காவின் கணவர் என்பதற்காகப் புகழவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன்.

அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஓய்வு நேரத்தில் ஒரு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். பதினோரு வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்தவளுக்கு, அந்த வாரச் சனிக்கிழமைக் கச்சேரியில் முதல் முறையாகத் தனியாக வாசிக்க நான்கு நிமிடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மாலை வாத்தியப் பெட்டியைத் திறந்தாள். கறுத்த மரக்குழலின் மேல் பாகத்தில், தலையிலிருந்து ஒரு துளைவரை, மயிரிழைபோல் ஒரு விரிசல். ஊதிப் பார்த்தாள். காற்றுத்தான் வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் வந்தார், பார்த்தார், கையை உயர்த்தினார்.

"யாரும் தொடாதீங்க! எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"ஏங்க, இப்பவே போனா ரிப்பேர் கடையை மூடறதுக்குள்ள குடுத்துடலாம்."

"சாட்சியத்தை வெளியே எடுத்துட்டுப் போறதா? நல்லா இருக்கே!"

முதலில் மகளைக் கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கிற பெண்.

"நேத்து நீ பெட்டியைத் தொட்டியா?"

"இல்லப்பா."

"கீழ விழுந்ததைப் பாத்தியா?"

"பாக்கலப்பா."

"பாக்கலையா, பாக்காத மாதிரி இருந்தியா?"

அடுத்தது நான். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளோடு வந்து போனவன். நான் சோபாவில் 'தொப்'பென்று உட்காருகிற பழக்கம் உள்ளவன் என்பது அன்றுதான் பதிவாயிற்று. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் அவர் அலுவலகம் போனதும் நாங்கள் மூவரும் சாட்சியத்தைக் கடத்தினோம். காலிப் பெட்டி மேசைமேல் மூடியபடி காவல் இருக்க, கிளாரினெட் துண்டில் சுற்றிக்கொண்டு அக்காவின் கைப்பைக்குள் போயிற்று. வாத்தியம் பழுதுபார்க்கிறவர் மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி போட்டவர். குழலை வெளிச்சத்தில் மெல்ல உருட்டினார்.

"இது விழுந்த விரிசல் இல்லம்மா. விழுந்திருந்தா எங்கயாவது நசுங்கியிருக்கும். சூட்டுல மரம் காஞ்சு விரிஞ்சிருக்கு. கார்ல வெச்சிருந்தீங்களா?"

"இல்லையே" என்றாள் அக்கா.

"அப்பா வெச்சாரு" என்றாள் மகள். "விருந்தாளிங்க வராங்கன்னு ஹாலை ஒழிச்சாருல்ல, பத்திரமா இருக்கட்டும்னு கார் டிக்கில வெச்சாரு. பகல் முழுக்க வெயில்ல நின்னுது. சாயந்திரம் அவரே எடுத்து வெச்சுட்டாரு."

"ஏன்டி நேத்தே சொல்லல?"

"அதை யாரும் கேக்கலையேம்மா."

பழுதுபார்ப்பவர் சிரிக்கவில்லை, வேலையில் இறங்கிவிட்டார். துளைகளை மூடும் சாவிகளைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துணிமேல் பரப்பினார். அதே மரத்தின் பொடியைப் பசையில் குழைத்து விரிசலுக்குள் இறக்கினார். குழலைச் சுற்றி மெல்லிய பள்ளம் வெட்டி, அதில் மோதிரம்போல இரண்டு பட்டை இறுக்கினார்.

"தாங்குமா?" என்றாள் அக்கா.

"தாங்கணும். தாங்கலன்னா மேல் பாகத்தையே மாத்தணும். அது வர ரெண்டு மாசம் ஆகும். சனிக்கிழமை வரைக்கும் தினமும் பத்தே நிமிஷம் ஊதுங்க."

வியாழக்கிழமை பழுதுபார்ப்பவர் குழலை இரவல் கொடுப்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அத்தான் அதுவரை பெட்டியைத் திறக்கவே இல்லை. பொருளில் அவருக்கு என்ன அக்கறை? விசாரணையில் அவர் பக்கத்து வீட்டுப் பூனைவரை போயிருந்தார்.

சனிக்கிழமை அக்கா எழுந்து நின்றாள். முதல் ஸ்வரத்துக்கு முன் அவள் கட்டைவிரல் அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். பிறகு நான்கு நிமிடம், விரிசலும் இல்லை, தபால் நிலையமும் இல்லை. வழுக்கிக்கொண்டு வந்தது நாதம். கைதட்டலில் முதல் தட்டல் அத்தானுடையது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே வரும்போது மகள் உண்மையைப் போட்டு உடைத்தாள். அத்தான் நின்றார். முகம் சிவந்தது, வெளுத்தது. மூன்று விநாடி, சத்தியமாக மூன்றே விநாடி, தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அது சரி. அன்னைக்கு அந்தப் பெட்டி சோபா மேல கிடந்ததாலதானே நான் எடுத்து வெச்சேன்? சோபா மேல வெச்சது யாரு?"

"நான்தாங்க" என்றாள் அக்கா, சிரிப்பை அடக்காமல். "போய்க் காரை எடுங்க."

இப்படி ஒரு பிறவி உங்கள் வீட்டில் இல்லையென்றால் சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டே, 'இது நம்ம கதை மாதிரி இருக்கே, இவன்கிட்ட போய்ச் சொன்னது யாரு?' என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிட்டீர்களா? போடுங்கள். முதல் பெயராக உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.