வங்கியில் நான் போட்ட தோப்புக்கரணம்

வயதைக் குறைத்துச் சொல்லும் பெண்களை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு ஐம்பது வயது. அம்பத்தூரில் வாடகை வீட்டு வாசலிலேயே இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மும்தாஜ் அக்காதான் அந்த யோசனையைச் சொன்னது. இன்னும் ஆதார் அட்டை எடுக்கவில்லை அல்லவா, எடுக்கும்போது அறுபது என்று சொல்லிவிடு, முதியோர் பணம் மாசாமாசம் வீடு தேடி வரும். நானும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு இருமல் இருமி, அறுபது என்றேன். கம்ப்யூட்டர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. (அதுதான் கொஞ்சம் வலித்தது.) பிறந்த தேதி தெரியாது என்றதும் புத்தாண்டு அன்றைக்குப் பிறந்ததாகப் போட்டுவிட்டார்.

பணம் வரவில்லை. சம்பாதிக்கிற மகன் இருக்கிறானே என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். ஏற்றின பத்து வயது மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

ஐந்து வருஷம் கழித்து என் மகன் சேகர் சொந்த வீடு பார்த்தான். கோவில்பதாகையில் இரண்டு படுக்கையறை. மருமகள் ஜெயந்தி ஒரு நாள் என் கட்டிலைச் சாண் போட்டு அளந்துகொண்டு போனாள். திரும்பி வந்து, "கெழக்கால கீற ரூம் உங்களுக்கு அத்தை. கட்டில் போட்டு மிச்சமும் கீது," என்றாள். அன்றைக்கு இட்லி மாவில் உப்புப் போட மறந்தேன்.

வங்கியில் சேகர் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் கடன் தர முடியும் என்றார்கள். அது ஒரு படுக்கையறைக்குத்தான் காணும். வருமானம் உள்ள இன்னொருவர் கூடக் கையெழுத்துப் போட்டால் தொகை ஏறுமாம். ஜெயந்திக்கு வேலை இல்லை. பேத்தி நிலாவுக்கு எட்டு வயது. மிச்சம் இட்லிக்கடை முதலாளியம்மா. எல்லாரும் போனில்தான் காசு போடுகிறார்கள், எவ்வளவு வந்தது என்று என் கடையில் இருக்கும் பெட்டி சத்தமாகச் சொல்லும். எல்லாம் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தது.

வங்கிக்குப் போவதற்கு முதல் நாளே தலைக்கு மை அடித்துக்கொண்டேன். ஜெயந்தியின் கைப்பையை மாட்டிக்கொண்டேன். (உள்ளே ஒரு கைக்குட்டை, இரண்டு புளிப்பு மிட்டாய்.) வங்கியில் உட்கார்ந்திருந்த பெண் என் மகனைவிடச் சின்னவள். கணக்கைப் பார்த்துக் கடை நன்றாக ஓடுகிறதே என்றாள். நான் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயர்ந்தேன். அப்புறம் ஆதார் அட்டையைத் திருப்பினாள்.

"அம்மாவுக்கு அறுபத்தஞ்சு ஆகுதே. கூடக் கையெழுத்துப் போடறவங்களுக்கு எழுபது ஆகறதுக்குள்ள கடன் முடியணும் சார். அஞ்சு வருஷத்துல கட்டிடுவீங்களா?"

சேகர் என்னைப் பார்த்தான். நான் மேசைமேல் குனிந்து, ரகசியம் போலச் சொன்னேன்: "அது கார்டு வயசு கண்ணு. எனக்கு அம்பத்தஞ்சுதான் ஆவுது."

"அப்படின்னா பார்க்கலாம்மா. பர்த் சர்டிபிகேட் இருக்கா?"

நான் பிறந்ததற்கு ஒரே சாட்சி மருத்துவச்சி. அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம். அந்தப் பெண் பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்டாள். இரண்டாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டவளுக்கு என்ன சான்றிதழ் தருவார்கள்? எழுத்தில் இல்லாததை உடம்பில் காட்டுவோம் என்று எனக்குத் தோன்றியது. (இந்த மாதிரி சமயங்களில் என் மூளை ரொம்ப வேகம்.) பையை சேகரிடம் கொடுத்தேன். புடவையைச் செருகினேன். காதைப் பிடித்தேன்.

"அறுபத்தஞ்சு வயசுக்காரி இத்தப் போடுவாளா, எண்ணிக்கினே இரு."

ஐந்து வரைக்கும் ஜோராகப் போனது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். காவலாளி சுவரில் பிள்ளையார் படம் எங்கே என்று தேடினார். ஆறாவதில் வியர்த்து, தலையில் அடித்த மை நெற்றியில் கறுப்பாக இறங்கியது. ஏழாவதில் கீழே போன நான் மேலே வரவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. சேகர் ஒரு பக்கம், காவலாளி ஒரு பக்கம் தூக்கி உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் தண்ணீரோடு ஓடிவந்தாள். பாவம், நல்ல பெண்.

"பாத்தும்மா," என்றாள், "வயசான காலத்துல."

அதோடு விஷயம் முடிந்தது.

ஷேர் ஆட்டோவில் ஏறினோம். டன்லப் பஸ் ஸ்டாப் தாண்டினதும் சேகர் கேட்டான்: "ஏம்மா, அந்த முதியோர் பணம் எவ்ளோ வந்துச்சு?"

"ஒரு பைசா வரல நைனா."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். இறங்கும்போது இரண்டு பேருக்கும் கண் ஈரமாக இருந்தது.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு படுக்கையறை வீடு வாங்கினார்கள். கூடத்தில் படுத்துக்கலாம் வாங்க அத்தை என்று ஜெயந்தி மனசாரத்தான் கூப்பிட்டாள். புதுமனை புகுந்த அன்று, எல்லாரும் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் கூடத்தைச் சாண் போட்டு அளந்தேன். கட்டிலைப் போட்டால் வாசல் கதவு பாதிதான் திறக்கும். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, கடையை விட்டுட்டு எப்படி வரது, வாடிக்கைக்காரங்க பட்டினி கெடப்பாங்களே என்றேன். (முக்கால் கிலோமீட்டருக்குள் நாலு இட்லிக்கடை இருக்கிறது.)

அதற்கு இப்போது மூன்று வருஷம் ஆகிறது. காலையில் கூட்டம் இருக்கும். பத்து மணிக்கு மேல் பாத்திரம் கழுவிவிட்டால் வீட்டில் பேச அந்தப் பெட்டிதான். யாராவது மறந்துபோய் மத்தியானம் காசு போட்டால், திடுக்கென்று "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்னும். நானும் சரி என்று பதில் சொல்வேன்.

புத்தாண்டு அன்றைக்கு மட்டும் நிலா அவள் அப்பா போனிலிருந்து என் கார்டு வயதை ரூபாயாக அனுப்புவாள். அந்தக் குடும்பத்தில் இதுதான் இப்போது பெரிய வேடிக்கை. தோப்புக்கரணத்தை ஜெயந்தியின் சொந்தக்காரர்கள் வரைக்கும் நடித்துக் காட்டியாயிற்று. இந்த வருஷம் கடையில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டி கத்தியது: "அறுபத்தெட்டு ரூபாய் பெறப்பட்டது."

"இன்னா ஆயா, காலங்காத்தால யாரு இவ்ளோ துன்னது?" என்றார் ஆட்டோக்காரர்.

உடனே போன் வந்தது. "ஆயா, உன் வயசு வந்துச்சா?"

"வந்துச்சு கண்ணு. பத்து ரூபா கூட கீது."

"அத்த நீயே வச்சுக்கோ," என்று சிரித்தாள். பின்னால் சேகர் சிரிப்பதும், ஜெயந்தி சிரிப்பதும் கேட்டது. அந்த வீடு சின்னது, ஒரு போனுக்குள்ளேயே எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள்.

சாப்பிட்டவர்கள் போன பிறகு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். பெட்டியைக் கட்டில் பக்கத்தில் எடுத்து வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.