மைக்கில் மவுத்தான மச்சானுக்கு

பாகூர்,
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் மாலிக் அவர்களுக்கு, பாகூர் கடைத்தெரு ஃபேன்ஸி ஸ்டோர் உதுமான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உன் தென்னந்தோப்பும் சுகம். அங்கே சார்ஜாவில் தங்கச்சி நூருன்னிசாவும், பிள்ளை பெற்ற உன் மகள் ஹப்சாவும், என் பேரனும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நீ சுகமா என்று மட்டும் கேட்கவில்லை. நீ உயிரோடு சுகமாக இருக்கிறாய் என்பது இப்போது பாகூருக்கே தெரியும்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்காதே. என் போன் பீரோவுக்குள் இருக்கிறது, சாவி என் வீட்டுக்காரியின் இடுப்பில் இருக்கிறது. அது கையில் இருந்தாலும் உன்னோடு பேச எனக்கு முகமில்லை. வில்லியனூர் அத்னான் செவ்வாய்க்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறான். ஹப்சாவுக்குப் பிள்ளைப்பேற்று லேகியமும் இந்தக் கடிதமும் அவன் கையில் வரும். லேகியத்தை முதலில் வாங்கிக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ சார்ஜாவுக்குக் கிளம்பும்போது தோப்பிலிருக்கும் ஆறு தேனீப் பெட்டிகளையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "மச்சான், இது வெளிநாட்டு ஈ, ஆனா சாது, சும்மா எட்ட நின்னு பாத்துக்கோ, ராமாயி மத்ததப் பாத்துக்கும்" என்றாய். அதில் வெளிநாட்டு ஈ என்பது மட்டும் என் காதில் நின்றுவிட்டது, சாது என்பது நிற்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வெள்ளைச் சட்டை, அத்தர் எல்லாம் அப்படியே, பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். மூன்று இடத்தில் கொட்டியது, ஒன்று மூக்கில். உன் தோப்பில் வேலை செய்யும் ராமாயி வெறுங்கையோடு பெட்டி மூடியைத் துடைத்துக்கொண்டே, "பாய், இப்படி சென்ட்டு பூசிகினு வந்து நின்னா அது சும்மா இருக்குமா?" என்றது. சரியான பேச்சுதான். ஆனால் மூக்கு வீங்கிய மனிதனுக்குச் சரியான பேச்சு பிடிக்காது மச்சான். வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு வீடியோ வந்தது. ஆப்பிரிக்கக் கொலைகாரத் தேனீ, பிரேசிலில் கூண்டிலிருந்து தப்பித்து ஒரு கண்டத்தையே பிடித்தது, கோபம் வந்தால் கூட்டமாகத் துரத்தும், குளத்தில் குதித்தாலும் மேலேயே காத்திருக்கும் என்றெல்லாம் ஒருவன் அழுகிற குரலில் சொன்னான். அதுவும் வெளிநாட்டு ஈ, உன்னுடையதும் வெளிநாட்டு ஈ. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடத்து ஜெயசீலன் சார் பிற்பாடு கடைக்கு வந்து விளக்கினார். அந்தத் தேனீ அமெரிக்கா பக்கம் பரவியது வாஸ்தவம்தானாம், ஜனங்கள் பயந்ததும் வாஸ்தவம்தானாம், ஆனால் அந்தப் பயம் எழும்பியது நமக்கு மீசை முளைக்காத காலத்திலாம், இப்போது பிரேசிலில் அதையே பெட்டியில் வைத்துத் தேன் எடுத்துப் பிழைக்கிறார்களாம், உன்னுடையது இத்தாலி ஈயாம். இதை அவர் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? அதற்குள் நான் கொலைகாரத் தேனீ நம் ஊருக்கே வந்துவிட்டது என்று என் குரலில் ஒரு வாய்ஸ் நோட் போட்டு எனக்குத் தெரிந்த குரூப்புக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். அபிஷேகப்பாக்கத்தில் நடவுக்கு வந்த பெண்கள் பாதியில் கரையேறினார்கள். பூரணாங்குப்பத்தில் ஒரு வளைகாப்பைக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு நடத்தினார்களாம், தேனீ வராமலிருக்கப் போட்ட புகையில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருமிக்கொண்டே வளையல் போட்டுக்கொண்டாளாம். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வெட்கம் வரவில்லை மச்சான். பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு உன் மூன்றாம் பெட்டியிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டு, புகை மாதிரி சுழன்று, பள்ளிவாசல் பக்கம் பறந்தது. பெட்டியில் ஈ பெருத்தால் இப்படிப் பிரிந்து போவது வழக்கம், அந்த நேரத்தில் அது யாரையும் கொட்டாது என்று ராமாயிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பாங்கு சொல்லும் மோதினார் வில்லியனூர் போயிருந்தார். பள்ளிவாசல் மைக் என் பொறுப்பில். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் யார் மவுத்தானாலும் அந்தச் சாவுச் செய்தியைச் சொல்வது என் குரல்தான், உனக்குத் தெரியும். ஓடிப்போய் மைக்கைப் போட்டேன். வாய் தானாகத் திறந்தது. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றேன். எந்தச் சங்கடம் வந்தாலும் அதைச் சொல்லலாம் என்று ஹஜ்ரத் பயானில் சொல்லியிருக்கிறார், ஆகவே தப்பில்லை. ஆனால் மைக்கில் அதைச் சொன்னால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான், யாரோ மவுத்து. அடுத்து, "கடைத்தெரு மாலிக் அவர்களுடைய" என்றேன். தோப்பிலிருந்து தேனீக்கள் கிளம்பிவிட்டன, யாரும் வெளியே வராதீர்கள் என்று முடிக்கவேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கரண்டுதான். நான் வீட்டுக்கு ஓடிவந்து, கதவைத் தாழ் போட்டு, ஃபேனை ஐந்தில் வைத்து அதன் கீழே உட்கார்ந்தேன்.

அரைமணி நேரத்தில் கதவை இடித்தார்கள். திறந்தால் பக்கத்து வீட்டிலிருந்த என் வீட்டுக்காரி அழுதுகொண்டே உள்ளே வந்து, தங்கச்சி புருஷன் மவுத்தானதை ஊருக்குச் சொல்லிவிட்டுத் தன்னிடம் சொல்லாமல் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கிறேனே என்று என் சட்டையைப் பிடித்தாள். அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் வந்து கட்டிப்பிடித்து, என்னை உன் வீட்டு வாசலுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே பந்தல்காரர் பலராமன் யாரும் சொல்லாமலே சாமியானா கட்டி அறுபது நாற்காலி போட்டுவிட்டார். மைக்கில் என் குரல் கேட்டால் அவர் வண்டியை எடுத்துவிடுவார், அதுதான் வழக்கம். கடைகளையெல்லாம் பாதி ஷட்டர் இறக்கிவிட்டார்கள். முதல் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். டீ கொடுத்தார்கள். குடித்தேன். எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம், "திடீர்னு ஆயிடுச்சி" என்றேன். அது பொய்யில்லை, அன்றைக்கு எல்லாமே திடீரென்றுதான் நடந்தது.

உன்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள் மச்சான். இருமுகிற பிள்ளைகளுக்கெல்லாம் நீ தேன் கொடுத்ததைச் சொன்னார்கள். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஒரே ஆள் நீதான் என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் சொல்லிவிடலாம், இந்த ஒருவர் பேசி முடிக்கட்டும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தவன், எந்த இடத்தில் என்று தெரியவில்லை, நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். நடிப்பு இல்லை. சாயங்காலம் கடையைச் சாத்தியதும் எதிரில் நீ இல்லையென்றால் நான் யாரோடு போய் உட்காருவேன் என்று தோன்றியது. நீ உயிரோடு இருப்பது தெரிந்த ஒரே ஆள் அந்தப் பந்தலில் நான்தான், எல்லோரையும்விட அதிகமாக அழுததும் நான்தான்.

அப்போதுதான் பலராமன், தங்கச்சிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று ஸ்பீக்கரில் உன் நம்பருக்குப் போட்டார். நீயே எடுத்து, "இன்னா பலராமா, தோப்புல அல்லாரும் சௌக்கியமா?" என்றாய். பலராமன் போனை டீ கிளாஸில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபது நாற்காலியும் என் பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கிப் பந்தல் மூலையைக் காட்டினேன். உன் தேனீக் கூட்டம் அங்கே சாமியானாக் கொம்பில் பலாப்பழம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, எப்போது வந்ததோ. பந்தல் காலியானது. ராமாயி மட்டும் ஒரு காலிப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அடியில் பிடித்து, கொம்பை ஒரு தட்டு தட்டியது. மொத்தமும் உள்ளே விழுந்தது. "ஆறு பொட்டி ஏழாச்சு, மாலிக் பாய்க்கு எழுதிடுங்க" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனது. எழுதிவிட்டேன்.

அன்று இரவே பள்ளிவாசல் ஜமாஅத் கூடியது. என் மேல் தப்பு பாதி, கரண்டு மேல் தப்பு பாதி என்று முடிவானது. இனிமேல் நான் மைக்கைத் தொடக்கூடாது. தெரு லைன்மேன் அன்புராஜ் மேல் புகார் மனு எழுதினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அவனைத் தூர இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. நேற்று அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா கடைக்கு வந்து, "அண்ணே, அன்னிக்குக் கரண்டு போகவே இல்லன்னு அவரு சொல்றாரே" என்று மட்டும் கேட்டாள். நான் ஊசிநூல் டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டேயிருந்தேன். அவள் போய்விட்டாள்.

மச்சான், என்னை மன்னித்துவிடு. இனி வீடியோவை நம்பமாட்டேன், அத்தர் பூசிக்கொண்டு தோப்புக்குப் போகமாட்டேன், மைக் இருக்கும் திசைக்கே போகமாட்டேன், இது சத்தியம். ஹப்சாவைக் குளிர்ந்த தண்ணீர் குடிக்கவிடாதே. பேரனுக்கு நீண்ட ஆயுளை அல்லாஹ் தருவானாக, உனக்கும் தருவானாக, உனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உன் மச்சான் உதுமான்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை படித்தேன். கரண்டு போயிருந்தால் என் வீட்டில் ஃபேன் எப்படிச் சுற்றியிருக்கும்? நீ அந்த வரியிலேயே பிடித்திருப்பாய். அன்று கரண்டு போகவில்லை மச்சான். உன் பெயரைச் சொன்னதும் மைக்கின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. நான் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். அது தேனீ இல்லை. மீன் கடையில் மொய்க்குமே, அந்த ஈ. அப்போதாவது திரும்பிப் போய் மீதியைச் சொல்லியிருக்கலாம், வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அன்புராஜ் மூட்டை கட்டக் கூடாது. ஆகவே மேலே மைக்கைப் பற்றிச் செய்த சத்தியத்தை அடித்துவிடு. நாளை ஜும்ஆ முடிந்ததும் ஒரே ஒருமுறை மைக்கைக் கேட்கப் போகிறேன். கொடுக்கமாட்டோம் என்றால் வாசலில் நின்று கத்துவேன், என் தொண்டை உனக்குத் தெரியும். ஸ்டெல்லாவையும் அன்புராஜையும் வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஈ உட்கார்ந்தாலும் சரி, யானை வந்து உட்கார்ந்தாலும் சரி, இந்த முறை வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.